எங்க ஊர் கரிமூட்டத்தின் வரலாறு

மலருக்கு உங்க ஊர் வரலாறு எழுதிக் கொடுங்கன்னு கேட்டாங்க. முதுகுளத்தூர் பக்கம் இருக்கிற எங்க ஊருக்கு ராஜா வரலாறு, கோட்டை வரலாறு எதுவும் கிடையாது. இருக்கிறது கரி வரலாறுதான்.

சீமைக்கருவேலம் நம்ம நாட்டு மரம் இல்லை. மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்து மரம். வெள்ளைக்காரர் காலத்தில், 1870-களில், விறகுக்காக விதை வரவழைத்து மெட்ராஸ் மாகாணத்தில் போட்டார்கள். எங்க அப்பத்தா சின்னப் பிள்ளையா இருந்தப்ப ஊரில் உடைமரமும் நாட்டுக்கருவேலமும்தானாம். அப்புறம் ஆடு நெத்தைத் தின்னு புழுக்கை போட்ட இடமெல்லாம் இது முளைச்சிருச்சு. மழை இல்லாம நிலம் தரிசாகத் தரிசாக, கஞ்சிக்கு வழி அந்தக் காடுதான்னு ஆச்சு.

மூட்டம் போடுறது லேசுப்பட்ட வேலை இல்லை. விறகைத் துண்டு போட்டு நெருக்கமா அடுக்கி, மேலே இலைதழை, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசணும். தீ வச்சப்புறம் எரிய விடக்கூடாது, வேக விடணும். காத்து உள்ளே புகுந்தா அத்தனையும் சாம்பல். அதனால ராத்திரியும் காவல் இருக்கணும். முதலில் வெள்ளைப் புகை கனமா வரும், அது விறகு ஈரம். புகை மெலிஞ்சு நீலமா வந்தா வெந்தாச்சு. ஓட்டையெல்லாம் அடைச்சு நல்லா ஆற விட்டுத்தான் பிரிக்கணும். அவசரப்பட்டா மறுபடி பத்திக்கும். நாலு டன் விறகுக்கு ஒரு டன் கரி தேறினா நல்ல மூட்டம். எங்க அம்மா இருமிக்கிட்டே காவல் இருந்த கரியை, முன்பணம் கொடுத்த வியாபாரி அவர் சொன்ன விலைக்குத்தான் எடுத்துட்டுப் போவார். குழுக் கடன் வந்தப்புறம்தான் அது நின்னுச்சு.

2017-ல் ஹைகோர்ட் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னப்ப, நல்லதுதான்னு பாதிப்பேரும், சோத்துக்கு என்ன செய்யன்னு பாதிப்பேரும் பேசினோம்.

இதில் என் கதையும் ஒண்ணு இருக்கு. ரெண்டாவது பிள்ளை பெத்திருந்த சமயம், ஐப்பசி அடைமழை. குளிருக்குக் கரிக்கங்கை சட்டியில் போட்டு உள்ளே வச்சு, கதவு ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்தேன். புகையே இல்லை, பயமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தலை கனத்து வாந்தி வந்துச்சு, எந்திரிக்க முடியலை. பிள்ளை துவண்டு கிடக்கு. அத்தை தற்செயலா கதவைத் தள்ளி வந்து ரெண்டு பேரையும் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டாங்க. கரியில் இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லைன்னு நர்சம்மா அப்புறம் சொன்னாங்க. மூட்டத்துக்குள்ள காத்துப் போகாம காவல் காக்கத் தெரிஞ்ச எனக்கு, வீட்டுக்குள்ள காத்து வரணும்னு தெரியலை.

இப்ப நாங்க ஆறு பேர் சேர்ந்து மூட்டம் போடுறோம். டவுனில் கிரில் சிக்கன் கடை வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் நேரா வந்து வாங்குறார். மழை வந்தா அடுப்பை உள்ளே இழுத்து வச்சு ஷட்டரைச் சாத்திராதீங்கண்ணே, அணைஞ்ச மாதிரி இருக்கிற கங்கும் ஆகாதுன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். “கரி விக்கிற நீயே பயங்காட்டுறியேம்மா”ன்னு சிரிச்சுக்கிட்டே மூட்டையை ஏத்துவார்.