நிழலும் சளியும்

மைசூருவில் குடியேறிய நம்மவர், விடுமுறை நாட்களில் பிருந்தாவனத் தோட்டத்தைக் காணக் கிருஷ்ணராஜ சாகரச் சாலையில் செல்லுங்கால், பழைய மருத்துவ நிலையம் ஒன்றைக் கடந்திருப்பர். நம் தாம்பரத்துச் சானடோரியத்தைப் போன்று அதுவும் காசநோயாளருக்கென எழுந்ததே. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருடன் பிறந்த இளவரசி கிருஷ்ணாஜம்மணியும் அவருடைய மகளிரும் இந்நோய்க்கு இரையாயினர். அவர் நினைவாக 1920-களின் தொடக்கத்தில் மன்னர் இதனை நிறுவினார். அரண்மனையின் மதிலும் தடுக்க இயலாத நோய் அது.

ஒருவருக்குக் காசம் உண்டு என்று எவ்வாறு அறிவது? 1882-இல் ராபர்ட் காக் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். சளியில் சாயமேற்றி, நுண்ணோக்கியில் அக்கிருமியைத் தேடும் முறை வந்தது. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டதும், மார்பின் நிழற்படமே மருத்துவர்க்கு முதன்மைச் சான்றாயிற்று. படத்தில் நிழல் தெரிந்தால் காசம் என்பது அக்காலத் தீர்ப்பு. படம் பொய் சொல்லுமா என்று எவரும் ஐயுறவில்லை.

1947-இல் அமெரிக்காவில் யெருஷால்மி என்ற புள்ளியியலறிஞர் அந்த ஐயத்தை எழுப்பினார். ஒரே படங்களை வல்லுநர் பலர் தனித்தனியே நோக்கியபோது ஒருவர் முடிபு மற்றவர் முடிபோடு ஒவ்வவில்லை. சில நாள் கழித்து அதே படத்தை நோக்கிய அதே வல்லுநர் தம் முன்னைய முடிபையே மறுத்ததும் உண்டு! எனவே, ஒரு சோதனை நோயுற்றோரில் எத்தனை பேரைப் பிடிக்கிறது, நோயற்றோரில் எத்தனை பேரைச் சரியாக விடுவிக்கிறது என்னும் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டுமென அவர் வகுத்தார். இன்றளவும் அவ்விரண்டே அளவுகோல்கள்.

இக்கேள்வி கன்னட நாட்டிலும் எழுந்தது. 1959-இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தோன்றியது. அந்நாளைய மைசூர் மாநிலத்துத் தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில் 1960-61-இல் அதன் ஆய்வாளர் கணக்கெடுத்தனர். நிழற்படத்தால் நோயாளர் எனப்பட்டவர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர். சளியில் கிருமி காணப்பட்டவரோ ஆயிரத்துக்கு நால்வரே.

இவ்வேறுபாடு ஏன் நம் குடும்பங்களைத் தொடுகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்ப்போம். நோயுற்றவர் நூற்றுவரில் தொண்ணூறு பேரைப் பிடிப்பதும், நோயற்றவர் நூற்றுவரில் ஐவரைத் தவறாகக் குறிப்பதுமான சோதனை ஒன்று உண்டெனக் கொள்வோம். சானடோரியத்தை நாடி வந்த ஆயிரவரில் 400 பேர் மெய்யான நோயாளர் எனின், சோதனை 360 பேரைப் பிடிக்கும். 30 பேரை வீணே குறிக்கும். நன்றே. அதே சோதனையைத் தும்கூரில் ஓரிலட்சம் பேருக்குச் செய்தால்? அங்கு நோயாளர் 400 பேர், பிடிபடுவோர் 360. வீணே குறிக்கப்படுவோர் 4,980! குறிக்கப்பட்ட பதினைந்து பேரில் ஒருவரே நோயாளர். சோதனை மாறவில்லை, சோதிக்கப்பட்டவர் மாறினர். எஞ்சிய பதினால்வரின் திருமணப் பேச்சும் வேலையும் என்னவாகும் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

அந்நிறுவனத்தின் பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963-இல் வெளியிட்ட ஆய்வு நம்மைப் பெரிதும் வருத்துவது. கிருமியுள்ளோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இருமலோடு தாமே மருத்துவ நிலையத்துக்குச் சென்றிருந்தனர்; இருமல் மருந்துப் புட்டியோடு திருப்பி அனுப்பப்பட்டனர். வீடு வீடாகப் படம் எடுப்பதினும், தாமே வருவோரின் சளியைப் பார்ப்பதே தகும் என்ற கொள்கை தேசியத் திட்டத்தில் நிலைத்தது. சளிச் சோதனைக்கும் குறை உண்டு: ஒரு மில்லிலிட்டர் சளியில் ஆயிரக்கணக்கான கிருமிகள் இருந்தாலன்றி அது காணாது, குழந்தைகளிடம் பெரும்பாலும் தோற்கும்.

மாடுகளின் கதையும் இதுவே. காக் 1890-இல் அறிவித்த டியூபர்குலின், மருந்தாகத் தோற்றது. ஆயின் கால்நடை மருத்துவர் அதனைச் சோதனையாகக் கைக்கொண்டனர். தோலில் ஊசியிட்டு, மூன்றாம் நாள் வீக்கத்தை அளப்பர். மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியின் உறவினங்களும் அவ்வீக்கத்தை எழுப்பும். ஆகவே கழுத்தில் மாட்டுக் கிருமிச் சத்தை ஓரிடத்தும், பறவைக் கிருமிச் சத்தை மற்றோரிடத்தும் இட்டு ஒப்பிடுவர். செங்கற்பட்டில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்விலும் மனிதரின் தோல் அவ்வுறவினங்களால் ஏமாற்றியது கண்டோம். கறவை மாடு ஒன்றையே நம்பிய வீட்டில், பிழையான தீர்ப்பு அடுப்பையே அணைக்கும்.

அண்மைக்காலத்தில் இரத்தச் சோதனை எனும் பெயரால் பெருவணிகம் நடந்தது. அது நம்பத்தகாதது என 2011-இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 2012 ஜூனில் இந்திய அரசு அதனைத் தடை செய்தது. அதற்கு முன்னர் அவ்வாறு சோதிக்கப்பட்டோர் பலர், இல்லாத நோய்க்கு மாதக்கணக்கில் மருந்துண்டனர். உள்ள நோயோடு வீடு திரும்பியோரும் உளர்.