ரீபஸுக்கு வயதானபோது

துப்பறியும் தொடர்களில் நாயகனுக்கு வயதாகக் கூடாது என்பது எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையே பேசாமலே முடிந்துபோன ஒப்பந்தம். அகதா கிறிஸ்டியின் ஹெர்கூல் புவாரோ 1920இல் முதல் நாவலில் தலைகாட்டும்போதே பெல்ஜியம் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கதைகள் வெளிவந்துகொண்டே இருந்தன. கணக்குப் போட்டால் அவர் நூறைத் தாண்டியிருக்க வேண்டும். படித்தவர்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நம் வாரப் பத்திரிகைகளிலும் மாத நாவல்களிலும் இதே கதைதான். கணேஷ்-வசந்த், பரத்-சுசீலா, விவேக்-ரூபலா என்று தேடித் தேடிப் படித்த தலைமுறைக்குத் தலை நரைத்துவிட்டது. அந்தப் பாத்திரங்களுக்கு நரைக்கவில்லை. அந்த மாறாத தன்மைக்கு ஒரு சுகம் உண்டு. எத்தனை வருடம் கழித்துத் திறந்தாலும் அதே ஆட்கள், அதே பேச்சு, அதே வேகம்.

அந்தச் சுகத்தை விட்டுக்கொடுத்து எழுதப்பட்ட ஒரு தொடரின் கதை இது. ஸ்காட்லாந்து எழுத்தாளர் இயன் ரான்கினின் ஜான் ரீபஸ் 1987இல் அறிமுகமானபோது நாற்பது வயது போலீஸ்காரர். 2024இல் வந்த இருபத்தைந்தாவது நாவலில் எழுபதைத் தாண்டிய, மூச்சிரைக்கிற கிழவர். இடைப்பட்ட முப்பத்தேழு ஆண்டுகளில் எடின்பரோ நகரம் மாறியது, சட்டம் மாறியது, போலீஸ் துறையே மாறியது. ரீபஸுக்கும் எந்த விலக்கும் கிடைக்கவில்லை.

இப்படி ஒரு தொடர் எழுதும் திட்டம் ரான்கினுக்கு முதலில் இருக்கவே இல்லை. 1985இல் அவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மியூரியல் ஸ்பார்க்கின் நாவல்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவர். மார்ச்மாண்ட் பகுதியில் ஆர்டன் ஸ்ட்ரீட்டில் குடியிருந்தார். ஜெக்கிலும் ஹைடுமாக ஒரே மனிதனுக்குள் இரண்டு பேர் வாழும் பழைய கதையை இந்தக் காலத்து எடின்பரோவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதற்கு ஒரு போலீஸ்காரர் வசதியாக இருந்தார். தான் குடியிருந்த தெருவிலேயே அவருக்கும் ஒரு வீடு கொடுத்தார். 'நாட்ஸ் அண்ட் கிராசஸ்' நாவலின் முதல் வரைவில் ரீபஸ் கடைசியில் இறந்துபோகிறார் என்று ரான்கினே சொல்லியிருக்கிறார். அவர் எழுத நினைத்தது ஒரே ஒரு நாவல்.

அந்த முதல் நாவலை இன்று திறந்து பார்க்கும் பழைய வாசகருக்கு ஆள் தெரியாத மாதிரி இருக்கும். அங்கே ரீபஸ் வெறும் சார்ஜென்ட். ராணுவத்தின் சிறப்புப் படையில் பட்ட காயம் மனதில் அப்படியே இருக்கிறது. மனைவி பிரிந்துவிட்டாள், மகள் சமந்தா சிறுமி. பிற்காலத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் இல்லாமல் இருக்க முடியாத இந்த மனிதர் இங்கே ஜாஸ் கேட்கிறார். விடியும் நேரத்தில் ஒரு கடை வாசலில் இருந்து பன்னையும் பாலையும் எடுத்துக்கொண்டு போகிறார். பிறகு வந்த ரீபஸ் இதைச் செய்வாரா என்று யோசிக்க வைக்கும் இடம் அது. ஓர் இளைஞன் தன்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒருவனைக் கற்பனை செய்து பார்த்ததன் தடங்கள் இவையெல்லாம். இசை ரசனையைப் பின்னால் ரான்கின் தன் ரசனைக்கே மாற்றிவிட்டார். 'லெட் இட் ப்ளீட்', 'பிளாக் அண்ட் ப்ளூ' என்று நாவல்களுக்கே ஸ்டோன்ஸ் ஆல்பங்களின் பெயர் வந்தது.

1991இல் இரண்டாவது நாவல் வந்தபோது ரீபஸ் இன்ஸ்பெக்டர் ஆகியிருந்தார். முதல் சில நாவல்களில் அவர் வேலை பார்த்த போலீஸ் நிலையம் கற்பனையானது. ரான்கின் அதைத் தீக்கிரையாக்கிவிட்டு, 1993இல் வந்த 'தி பிளாக் புக்' நாவலில் அவரைச் செயின்ட் லியனார்ட்ஸ் என்ற நிஜ நிலையத்துக்கு மாற்றினார். யங் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஆக்ஸ்ஃபர்ட் பார் என்ற நிஜ மதுக்கடை அவருடைய நிரந்தர இடமானது. இதற்கு ஒரு விளைவு இருந்தது. கற்பனை ஊரில் காலத்தை நிறுத்தி வைக்கலாம், நிஜ ஊரில் முடியாது. நிஜ நிலையங்களை ஒரு நாள் நிர்வாகம் மாற்றியமைக்கும், நிஜ மதுக்கடைக்குள் ஒரு நாள் புகை பிடிக்கத் தடை வரும். இரண்டுமே நடந்தன, இரண்டும் கதைக்குள் வந்தன. 2004இல் வந்த 'ஃபிளெஷ்மார்க்கெட் க்ளோஸ்' நாவலில் செயின்ட் லியனார்ட்ஸின் துப்பறியும் பிரிவு கலைக்கப்பட்டு, ரீபஸ் கேஃபீல்ட் ஸ்கொயர் நிலையத்துக்குப் போகிறார். அங்கே அவருக்கு உட்கார ஒரு மேஜை கூட இல்லை. போய்விடுங்கள் என்பதை அலுவலகங்கள் எப்படியெல்லாம் சொல்லும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த இடம் சுருக்கென்று தைக்கும்.

'தி பிளாக் புக்'கில் இன்னொரு முக்கியமான வரவு ஷிவான் கிளார்க். படித்த, இங்கிலாந்து உச்சரிப்புள்ள இளம் கான்ஸ்டபிள். ரீபஸுக்கு உதவியாளராக வந்தவர். அதற்கு முன்பே ஒரு காட்சியில் எட்டிப்பார்த்திருந்த நகரத்து தாதா கேஃபர்ட்டியும் இந்த நாவலில்தான் முழு ஆளாக வந்து நிற்கிறார். கற்றுக்கொள்பவர் ஒருவர், எதிரி ஒருவர். ரீபஸின் வயதை அளக்க இதைவிட நல்ல அளவுகோல்கள் தேவையில்லை.

தொடரின் தலையெழுத்தை மாற்றியது எட்டாவது நாவலான 'பிளாக் அண்ட் ப்ளூ'. 1960களின் இறுதியில் கிளாஸ்கோவை நடுங்க வைத்த, இன்றுவரை பிடிபடாத 'பைபிள் ஜான்' என்ற கொலையாளியைக் கதைக்குள் கொண்டுவந்த நாவல். 1997இல் பிரிட்டனின் குற்ற எழுத்தாளர் சங்கம் வழங்கும் கோல்ட் டாகர் விருதைப் பெற்றது. அதை எழுதிய காலத்தில் ரான்கின் குடும்பத்தோடு பிரான்ஸ் நாட்டுக் கிராமப்புறத்தில் இருந்தார். அவருடைய கைக்குழந்தைக்குக் கடுமையான மரபணுக் குறைபாடு இருப்பது அந்த நாட்களில் தெரியவந்தது. அந்தக் கோபத்தையும் கையறுநிலையையும் ரீபஸின் மேல்தான் இறக்கி வைத்தேன் என்று பின்னால் பேட்டிகளில் சொன்னார். விருதுக்கு அடுத்த வருடம் வந்த 'தி ஹேங்கிங் கார்டன்' நாவலில் ரீபஸின் மகள் சமந்தா கார் மோதிப் படுத்த படுக்கையாகிறாள். வழக்கமான தொடர்களில் இத்தகைய விபத்து அடுத்த நாவலுக்குள் ஆறிவிடும். இங்கே ஆறவில்லை. சக்கர நாற்காலி அடுத்த நாவலுக்குள்ளும் வந்தது.

இந்த இடத்தில்தான் வாசகர்களும் மாறினார்கள் என்று நினைக்கிறேன். அதுவரை கொலையாளி யார் என்று தெரிந்துகொள்ளப் படித்தவர்கள், அதற்குப் பிறகு இந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் படிக்க ஆரம்பித்தார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. 'பிளாக் அண்ட் ப்ளூ'வுக்கு அடுத்த நாவல்களில் கொலை செய்தது யார் என்பது பலவற்றில் நினைவில் இல்லை. ஆர்டன் ஸ்ட்ரீட் வீட்டின் ஜன்னலோர நாற்காலியில் இசைத்தட்டு ஓட ரீபஸ் தூங்கிப்போகும் இரவுகள் நினைவில் இருக்கின்றன.

நேரத்தோடு நடக்கும் தொடருக்கு ஒரு விலை உண்டு. ஸ்காட்லாந்தில் ரீபஸின் பதவியில் இருப்பவர் அறுபது வயதில் ஓய்வு பெற்றாக வேண்டும் என்பது அன்றைய விதி. 1947இல் பிறந்த ரீபஸுக்கு அந்த நாள் வந்தே தீரும். ரான்கின் தேதியைத் தள்ளிப்போடவில்லை. 2007இல் பதினேழாவது நாவலான 'எக்ஸிட் மியூசிக்' வந்தது. ஓய்வுக்கு முந்தைய கடைசிப் பத்து நாட்களில் நடக்கும் கதை. அந்த நாவலோடு ரீபஸ் வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்து ரான்கின் செய்த காரியம் விசுவாசமான வாசகர்களைச் சங்கடப்படுத்தியது. மால்கம் ஃபாக்ஸ் என்ற புதிய அதிகாரியை வைத்து 2009இலும் 2011இலும் இரண்டு நாவல்கள் எழுதினார். ஃபாக்ஸ் குடிப்பதை விட்டவர், விதியை மீறாதவர், தவறு செய்யும் போலீஸ்காரர்களை விசாரிக்கும் பிரிவில் இருப்பவர். அதாவது, ரீபஸ் மாதிரியான ஆட்களைப் பிடிப்பதே வேலையாகக் கொண்டவர். முனகிக்கொண்டே படித்த வாசகர் அந்த இரண்டு நாவல்களில் ஃபாக்ஸின் நியாயத்தைப் புரிந்துகொண்டார். 2012இல் 'ஸ்டாண்டிங் இன் அனதர் மேன்ஸ் கிரேவ்' நாவலில் ரீபஸ் திரும்பி வந்தபோது, அதே ஃபாக்ஸ் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். இப்போது வாசகருக்கு இரண்டு பேரையும் தெரியும், யார் பக்கம் நிற்பது என்பது அவ்வளவு எளிதாக இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக ரீபஸின் கண் வழியே மட்டும் நகரத்தைப் பார்த்துப் பழகியவருக்கு இது ஒரு பாடம்.

ஓய்வு பெற்ற ஒருவரை ஒவ்வொரு நாவலிலும் எப்படி வழக்குக்குள் கொண்டுவருவது? எழுத்துத் தொழிலில் இது நிஜமான சிக்கல். ரான்கின் ஒவ்வொரு முறையும் வேறு வாசலைத் திறந்தார். முதலில் ரீபஸ் கிடப்பில் போட்ட வழக்குகளைப் பார்க்கும் பிரிவில் சீருடை இல்லாத சிவிலியனாக வந்தார். அடுத்து, ஓய்வு வயது உயர்த்தப்பட்டதால் பதவி இறங்கி மறுபடி சார்ஜென்டாக 2013இன் 'செயின்ட்ஸ் ஆஃப் தி ஷேடோ பைபிள்' நாவலில் வந்தார். அங்கே ஷிவான் கிளார்க் இன்ஸ்பெக்டர். தான் வேலை கற்றுக்கொடுத்த பெண்ணின் கீழ் ரீபஸ் வேலை பார்க்கிறார். அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதி ஸ்காட்லாந்தின் எட்டுப் போலீஸ் படைகளும் ஒன்றாக்கப்பட்டன. ரீபஸ் பணியாற்றிய படையே பெயரில்லாமல் போயிற்று. அதன் பிறகு ஆலோசகராக, யாரும் கூப்பிடாமலே வந்து நிற்பவராக, 2020இல் தன் மகளின் துணைவர் காணாமல்போன வழக்கில் வெறும் தகப்பனாக வந்தார். வயது தொடருக்குப் பாரமாகும் என்று நினைத்தால், அதுவே அடுத்தடுத்த கதைகளைப் பெற்றுத் தந்தது.

உடம்பின் கணக்கும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்ப நாவல்களில் நிலையத்திலும் மதுக்கடையிலும் புகை மண்டிக் கிடக்கும். 2006 மார்ச்சில் ஸ்காட்லாந்தில் பொது இடங்களுக்குள் புகைபிடிக்கத் தடை வந்ததும் ரீபஸ் மதுக்கடைக்கு வெளியே குளிரில் நிற்கிறார். பத்து வருடம் கழித்து 'ரேதர் பி தி டெவில்' நாவலில் அவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், பையில் இன்ஹேலர். ஆர்டன் ஸ்ட்ரீட் வீடு இரண்டு மாடி ஏறிப் போகவேண்டியது. எண்பதுகளில் அவர் அந்தப் படிகளை நாம் கவனிக்காமலே ஏறிப் போனார். பிறகு பாதியில் நின்றார். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். 'எ சாங் ஃபார் தி டார்க் டைம்ஸ்' நாவலின் தொடக்கத்தில் அதே கட்டடத்தின் தரைத்தள வீட்டுக்குக் குடிமாறுகிறார். பெட்டிகளை இறக்க ஷிவான் வந்திருக்கிறார். கொலையும் துரத்தலும் நிறைந்த ஒரு தொடரில் என்னை மிகவும் கலங்க வைத்தது அந்த வீடு மாறும் காட்சிதான். அதற்கு முன் வந்த இருபத்திரண்டு நாவல்கள் இல்லாமல் அந்தக் காட்சிக்கு எந்தக் கனமும் கிடையாது.

கடைசியாக மாறியது தீர்ப்பு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரீபஸ் விதியை வளைத்தபோது நாம் ரசித்தோம். மேலதிகாரியை ஏமாற்றினால் கைதட்டினோம், தாதாவோடு உட்கார்ந்து பேசினால் சாமர்த்தியம் என்றோம். 'செயின்ட்ஸ் ஆஃப் தி ஷேடோ பைபிள்' நாவலில்தான் அந்தக் கைதட்டலுக்கு முதல் கேள்வி எழுந்தது. ஒரே குற்றத்துக்கு இரண்டாம் முறை விசாரணை கூடாது என்ற பழைய விதியை ஸ்காட்லாந்து 2011இல் தளர்த்தியது. அதனால் எண்பதுகளில் ரீபஸின் கூட்டாளிகள் மூடி மறைத்த ஒரு வழக்கு மறுபடி தோண்டப்படுகிறது. 2022இல் வந்த 'எ ஹார்ட் ஃபுல் ஆஃப் ஹெட்ஸ்டோன்ஸ்' தொடங்கும்போது ரீபஸ் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். 2024இன் 'மிட்நைட் அண்ட் ப்ளூ'வில் சிறையில் இருக்கிறார், தான் பிடித்துக் கொடுத்த ஆட்களுக்கு நடுவில். என்ன குற்றத்துக்காக என்பதைப் படிக்கப் போகிறவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். காலம் மாறியது, போலீஸ்காரர்களிடம் உலகம் கேட்கும் கேள்விகள் மாறின. ரான்கின் தன் நாயகனை அந்தக் கேள்விகளிலிருந்து காப்பாற்றவில்லை. அவரோடு சேர்ந்து நாமும் நம் பழைய கைதட்டலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சிக்கு இப்படிக் காலத்தோடு நடக்கும் கட்டாயம் இல்லை. 2000இல் ஜான் ஹன்னா, 2006இல் கென் ஸ்டாட், 2024இல் ரிச்சர்ட் ரான்கின் என்று ரீபஸுக்கு மூன்று முகங்கள் வந்தன. மூன்றாவது முறை அவரை இளைஞராக்கி இன்றைய எடின்பரோவில் விட்டார்கள். நாவல் தொடரில் அப்படிப் பின்னால் போக முடியாது. ஷிவான் கிளார்க் பெற்ற பதவி உயர்வைத் திரும்ப வாங்க முடியாது, நுரையீரலைப் புதுப்பிக்க முடியாது.

பழைய வாசகர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தொண்ணூறுகளின் ரீபஸே போதும் என்கிறார்கள். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பாத்திரத்தை நாற்பதிலேயே நிறுத்தி வைத்து நேசிப்பது அவ்வளவு கடினமில்லை. அவர் தளர்வதை, தோற்பதை, தான் செய்ததற்கு விலை கொடுப்பதை உடனிருந்து பார்ப்பதற்கு விசுவாசம் வேண்டும். அந்த விசுவாசம் வாசகர்களிடம் இருக்கிறது என்று நம்பித்தான் ரான்கின் இத்தனை தூரம் வந்திருக்கிறார். புதிதாகப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். விருது பெற்றதை மட்டும் பொறுக்கி எடுக்காமல் வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள், நடுவில் இடைவெளி விட்டும் படியுங்கள். ஒவ்வொரு நாவலுக்கும் இடையில் உங்களுக்கும் கொஞ்சம் வயதாகட்டும்.