அச்சு

பிக்கப்பின் பின்புற கியர் விகிதத்தை 3.55-லிருந்து 4.10 ஆக்குவதை ‘அச்சு மாற்றம்’ என்று யாரோ எழுதியிருந்தார். மாறுவது அச்சு அல்ல, அதன் கூட்டுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்கள். வடமொழி ‘அக்ஷ’த்திலிருந்து வந்தது அச்சு என்பார்கள், ஆங்கில ஆக்ஸிலும் அந்தக் குடும்பமே. உப்பு வணிகரான உமணர் வண்டிக்கடியில் சேம அச்சு, அதாவது மாற்று அச்சு, கட்டியதைப் புறநானூறு காட்டுகிறது. அளவு மீறிய மயிற்பீலியால் அச்சு முறிவதைக் குறள் பேசுகிறது. வார்ப்பும் அச்சு, நாணயமும் அச்சு, புத்தகம் பதிப்பதும் அச்சு என்றானதில் வண்டிப் பொருள் மங்கிவிட்டது. வண்டிக்கு ‘இருசு’ தெளிவான சொல். ஆனால் பேச்சில் அருகிவிட்டது. அச்சு அப்படியே இருக்கட்டும். கியர் விகிதத்துக்கு வந்தால், 41 பல் கிரவுனை 10 பல் பினியன் சுழற்றுவதுதான் 4.10, இழுவை கூடும், எஞ்சினும் அதிகம் சுற்றும். 3.55-லிருந்து இதற்கு மாறுவதைப் ‘பல் விகித மாற்றம்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.