காதுகிட்ட போனா திரை ஏன் இருட்டாகுது?

போன் பேச எடுத்தா திரை கருப்பாகி, பேசி முடிச்ச பிறகும் வெளிச்சமே வராம கிடக்கிற தொல்லை எங்க தெருவுல மட்டும் இந்த வருஷம் நாலு வீட்டுல வந்துச்சு. எல்லாரும் "போன் செத்துப் போச்சு"ன்னுதான் தூக்கிக்கிட்டு வர்றாங்க. போன் சாகல. மணி அடிக்குது, எதிர்ப்பக்கம் பேசுறது கேக்குது. திரை மட்டும் கண்ணை மூடிக்கிட்டு இருக்கு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பேசும்போது திரை இருட்டாவது பழுது இல்லை. அப்படித்தான் செஞ்சு அனுப்பறாங்க. காதை விட்டு எடுத்த பிறகும் வெளிச்சம் திரும்பாததுதான் பழுது. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும். அதுக்குப் போனோட பழைய கதையைக் கொஞ்சம் பார்க்கணும்.

கொக்கி காலம்

கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கினது 1876. ஆறே வருஷத்துல, 1882 ஜனவரி 28-ந் தேதி, கல்கத்தா, பம்பாய், சென்னை மூணு ஊருலயும் தொலைபேசி நிலையம் திறந்துட்டாங்க. சென்னையில அது எர்ரபாலு செட்டி தெருவுல இருந்துச்சு.

அந்தக் காலத்துப் போனுக்கும் ஒரு விஷயம் தெரிஞ்சாகணும்: ஆள் இப்போ பேசுறாரா, பேசி முடிச்சுட்டாரா? அதுக்கு ஒரு கொக்கி வச்சாங்க. காதுல வைக்கிற குழலை அதுல மாட்டினா அதோட கனத்துல கொக்கி கீழே இறங்கும், இணைப்பு அறுந்துடும். குழலை எடுத்தா ஸ்பிரிங் மேலே தூக்கும், இணைப்பு சேர்ந்துடும். பிறகு வந்த கருப்பு போன்லயும் இதே வேலைதான். கொக்கிக்குப் பதிலா ரெண்டு குமிழ். கனம் இருந்தா மூடு, இல்லைன்னா திற. தராசுத் தட்டு மாதிரி நேர்மையான ஏற்பாடு.

எங்க ஊர் போஸ்ட் ஆபீஸ்ல அப்படி ஒரு கருப்பு போன் இருந்துச்சு. ரிசீவரைச் சரியா வைக்காம போனா அப்புறம் எந்தப் போனும் உள்ளே வராது. அதனால ஆள் பேசிட்டுப் போனதும் போஸ்ட் மாஸ்டர் எழுந்து வந்து ஒரு தடவை அழுத்திப் பார்த்துட்டுதான் உட்காருவார். இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில வேணும்.

நம்ம நாட்டுல ஆபரேட்டர் இல்லாம நேரா வெளியூருக்குப் பேசுற எஸ்.டி.டி. வசதி 1960-ல கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவுல தொடங்கிச்சு. கிராமத்துப் பக்கம் வர இன்னும் ரொம்ப வருஷம் ஆச்சு. 1984-ல சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. அவங்க செஞ்ச 128 இணைப்பு கொண்ட சின்ன கிராமத்து எக்ஸ்சேஞ்ச் 1986-ல கர்நாடகத்துல கித்தூர்ல முதல்ல ஓடிச்சு. ஏ.சி. அறை இல்லாமலேயே வெயிலுக்கும் தூசிக்கும் தாங்கற மாதிரி அதைச் செஞ்சிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் மஞ்ச போர்டு மாட்டின எஸ்.டி.டி. பூத்து ஊரூரா வந்துச்சு.

பொத்தான் காலம்

இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31. கல்கத்தாவில் இருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அப்போ செல்போன் பணக்காரங்க சமாச்சாரம். நமக்கு வர்ற போனுக்கும் நாமே காசு கட்டணும். 2003-ல வர்ற அழைப்பு இலவசம்னு ஆன பிறகுதான் அது வரப்பு மேல நடக்க ஆரம்பிச்சுது.

அந்தப் பொத்தான் போன்ல திரை இருட்டாகிற தகராறே கிடையாது. பொத்தானை விரலால அமுக்கணும். கன்னம் பட்டா அது அமுங்காது. எங்க அம்மாவுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. ஆனா இடது பக்கம் பச்சை, வலது பக்கம் சிவப்புன்னு ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்துலயும் தடவிப் பார்த்தே எடுப்பாங்க, வைப்பாங்க.

கன்னமும் விரல்தான்

தொடுதிரைக்கு வயசு அதிகம். இங்கிலாந்துல மால்வெர்ன் ஊரில் இருந்த ரேடார் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த இ.ஏ. ஜான்சன், விரல் பட்டா உணர்ற திரையைப் பத்தி 1965-லயே எழுதினார். விமானப் போக்குவரத்தைக் கவனிக்கிறவங்களுக்குப் பயன்படட்டும் என்பது அவர் யோசனை. நம்ம உடம்பு மின்சாரத்தைக் கடத்தும். விரல் கிட்ட வந்தா திரைமேல இருக்கிற மெல்லிசான மின்புலம் அந்த இடத்துல மாறும், அதை வச்சு எங்கே தொட்டோம்னு கருவி கண்டுக்கும். அமுக்கவே வேண்டாம், பட்டா போதும். இன்னைக்கு நம்ம கையில இருக்கிற திரையும் இதே வழிதான்.

இங்கதான் சிக்கல். விரலும் தோல், கன்னமும் தோல், காதும் தோல். காதுல வச்ச உடனே கன்னம் போய் திரையைத் தொட்டு, போனைக் கட் பண்ணும், வேற யாருக்காவது போன் போடும். 2007 ஜனவரி 9-ந் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகம் செஞ்சப்போ, அதுல வச்ச உணர்கருவிகளில் ஒண்ணா இதுக்கான மருந்தையும் காட்டினார். காதுகிட்ட கொண்டு போனா அது கண்டுபிடிச்சு திரையையும் தொடுதலையும் சேர்த்து அணைச்சுடும். பேட்டரியும் மிச்சம். இன்னைக்கு ஆறாயிரம் ரூபா போன்லயும் அது இருக்கு. பேரு ப்ராக்ஸிமிட்டி சென்சார். நான் அதைக் 'கிட்டக்கண்ணு'ன்னு சொல்லுவேன்.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

கிட்டக்கண்ணு வேலை செய்யறது அகச்சிவப்பு ஒளியில. இதைக் கண்டுபிடிச்சவர் வில்லியம் ஹெர்ஷல், யுரேனஸ் கோளைக் கண்டவர். 1800-ல அவர் சூரிய வெளிச்சத்தைப் பட்டகக் கண்ணாடி வழியா விட்டு, ஒவ்வொரு நிறத்துலயும் வெப்பமானியை வச்சு சூடு பார்த்தார். சிவப்புக்கு அந்தப் பக்கம், வெளிச்சமே தெரியாத இடத்துல, சூடு இன்னும் அதிகமா ஏறிச்சு. கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒண்ணு இருக்குன்னு அப்படித்தான் தெரிய வந்தது.

1961-ல அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில் ராபர்ட் பயார்ட், கேரி பிட்மன் என்ற ரெண்டு பேர், காலியம் ஆர்சனைடு என்ற பொருளில் மின்சாரம் பாய்ந்தால் இந்த ஒளி வருவதைக் கண்டு காப்புரிமை வாங்கினாங்க. டிவி ரிமோட்டு முனையில இருக்கிற குட்டி பல்பு அந்த வம்சம்தான்.

போன்ல பேச்சு கேக்கற ஓட்டை பக்கத்துல அதே மாதிரி ஒரு பொடி பல்பும், ஒளி திரும்புதான்னு பார்க்கிற பொடி கண்ணும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. பேசும்போது பல்பு மினுக்கிக்கிட்டே இருக்கும். ஒளி கன்னத்துல பட்டுத் திரும்பும். திரும்பற அளவு ஒரு கோட்டைத் தாண்டினா திரையை அணை, குறைஞ்சா போடு. அவ்வளவுதான். போனுக்குக் கன்னம்னா என்னன்னே தெரியாது. ஒளியைத் திருப்பி அனுப்பறது எதுவா இருந்தாலும் அதுக்குக் கன்னம்தான். பழுது பார்க்கிற ரகசியம் முழுக்க இந்த ஒரு விஷயத்துல இருக்கு.

அந்தக் கோட்டை எங்கே வைக்கிறதுங்கறதுல பெரிய கம்பெனிகளே தடுமாறியிருக்காங்க. 2010-ல வந்த ஐபோன் 4-ல நம்ம தொல்லைக்கு நேர் எதிர்: பேசிக்கிட்டு இருக்கும்போதே திரை முழிச்சுக்கும், கன்னம் பட்டு பேச்சு அறுந்துடும். அந்த செப்டம்பர்ல வந்த 4.1 மென்பொருள் மாற்றத்துலதான் அதுக்கு வைத்தியம் பார்த்தாங்க. 2016-ல வந்த ஷாவ்மி மி மிக்ஸ் போன்ல திரை மேல் விளிம்பு வரைக்கும் போயிட்டதால கிட்டக்கண்ணுக்கு இடமே இல்லை. வௌவால் மாதிரி காதுக்குக் கேக்காத ஒலியை அனுப்பி, எதிரொலியை வச்சு கண்டுபிடிக்கிற முறையைப் போட்டாங்க. இப்போ பல போன்ல கிட்டக்கண்ணைத் திரைக்கு அடியிலேயே ஒளிச்சு வச்சிடறாங்க.

எங்க பக்கம் ஏன் இது அதிகம்?

மல்லாட்டை அடிக்கிற காலத்துல தூசி போன் இடுக்கெல்லாம் ஏறும். தலையில தேங்காயெண்ணெய், கழுத்துல வேர்வை. சந்தையில ஐம்பது ரூபாய்க்கு வாங்கி ஒட்டின கண்ணாடி, அளவு சரியா இல்லாம கிட்டக்கண்ணையே மூடிக்கிட்டு இருக்கும். மழைக்காலத்துல போனைப் பாலிதீன் பையில சுத்தி மடியில கட்டிக்குவோம். பாலிதீனும் ஒளியைத் திருப்பி அனுப்பும். இதெல்லாமே போனுக்குக் கன்னம்தான். எடுக்கவே எடுக்காத கன்னம்.

பக்கத்து வீட்டு அக்கா போன் இப்படி ஆனப்போ டவுன்ல ஒரு கடையில "டிஸ்பிளே போச்சு, 2,800 ரூபா ஆகும்"னு சொல்லிட்டாங்க. அது பத்து நாள் களை எடுக்கிற கூலிக்கு ஒட்டி வரும். நான் அந்தக் கண்ணாடியை உரிச்சு எடுத்துட்டு என் போனுக்கு ஒரு கால் போடச் சொன்னேன். காதை விட்டு எடுத்ததும் திரை பளிச்சுன்னு வந்துச்சு. டிஸ்பிளே போயிருந்தா மத்த நேரத்துலயும்தானே தெரியாம இருக்கணும்? படம் பார்க்கும்போது தெரியுது, பேசும்போது மட்டும் தெரியலைன்னா குத்தம் திரையில இல்லை.

செலவு இல்லாததுல இருந்து ஆரம்பிக்கணும்

முதல்ல, கால் நடுவுல மாட்டிக்கிட்டா போனைக் காதை விட்டு நல்லா தள்ளி எடுத்து, பக்கவாட்டு பவர் பட்டனை ஒரு தடவை அமுக்குங்க. நிறைய போன்ல திரை வந்துடும்.

அடுத்து, பழைய வேட்டித் துணி மாதிரி மெத்துனு இருக்கிற காய்ஞ்ச துணியால, கேக்கற ஓட்டையைச் சுத்தி துடைங்க. தின்னரு, பெட்ரோல் எல்லாம் வேண்டாம்.

மூணாவது, மேல் கவர், பாலிதீன் எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரு கால் போட்டுப் பாருங்க. அப்பவும் இருட்டுன்னா ஒட்டின கண்ணாடியை எடுத்துட்டுப் பாருங்க. பெரும்பாலும் கதை இங்கேயே முடிஞ்சிடும்.

நாலாவது, போனை அணைச்சுப் போடுங்க. மென்பொருள் அப்டேட் வந்து கிடந்தா அதையும் போடுங்க.

அஞ்சாவது, சோதனை. பல சாம்சங் போன்ல எண் அடிக்கிற இடத்துல *#0*# அடிச்சா சோதனைப் பட்டியல் வரும். அதுல சென்சாரைத் தொட்டு, மேல் பக்கம் கையைக் கொண்டு போனா திரை பச்சையாகும், எடுத்தா பழையபடி ஆகும். கை வைக்காமலே பச்சையா நின்னா கிட்டக்கண்ணு எதையோ பார்த்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

கடைசியிலதான் கடை. ஏற்கெனவே திரை மாத்தின போன்னா அதைச் சொல்லுங்க. பல்புக்கும் கண்ணுக்கும் நடுவுல ஒரு குட்டி ரப்பர் தடுப்பு இருக்கும். மாத்தும்போது அதை விட்டுட்டாலோ நகர்ந்துட்டாலோ, பல்பு வெளிச்சம் வெளியே போகாம கண்ணாடிக்குள்ளேயே கசிஞ்சு கண்ணுக்குப் போயிடும். அதுவும் போனுக்குக் கன்னம்தான். அதைச் சரிபண்ணச் சொல்லணும்.

இதுல என்ன பெருசா போச்சு?

டவுன்ல இருக்கிறவங்களுக்கு இது சின்ன எரிச்சல். பக்கத்துல யாராவது இருப்பாங்க, இன்னொரு போனும் இருக்கும். எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு வயசானவங்க தனியா இருக்காங்க. பிள்ளைங்க சென்னையில, பெங்களூர்ல, துபாய்ல. கேஸ் சிலிண்டர் பதியணும்னா 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்'னு குரல் சொல்லும். திரை இருட்டா இருக்கிற போன்ல ஒண்ணு எங்கே இருக்கு? 108-க்கு அடிச்சுட்டு ஸ்பீக்கர் போட்டு வச்சிட்டு விழுந்தவரைத் தூக்கலாம்னா, அந்த ஸ்பீக்கர் பொத்தானும் இருட்டுக்குள்ள.

இன்னொண்ணு, இதுதான் எனக்குப் பெருசா படுது. பேசி முடிச்சு வைக்கத் தெரியாது. அந்தப் பக்கத்து ஆளும் வைக்க மறந்துட்டா லைன் அப்படியே திறந்து கிடக்கும். அப்போ பிள்ளை அடிச்சா 'பிஸி'ன்னு வரும். மறுபடி மறுபடி பிஸி. அம்மாவுக்கு என்ன ஆச்சோன்னு அங்கே அவன் தவிப்பான், பையன் இன்னைக்குக் கூப்பிடவே இல்லையேன்னு இங்கே அம்மா திண்ணையில உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்துல ரிசீவரை அழுத்திப் பார்க்க ஒரு போஸ்ட் மாஸ்டர் இருந்தார். இப்போ அந்த வேலைக்கு ஆள் இல்லை.

அந்த வேலையை நீங்க செய்யலாம். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அப்பா அம்மா போனை வாங்கி, ஒட்டின கண்ணாடியைப் பாருங்க, ஓரத்தைத் துடைங்க, ஒரு கால் போட்டுச் சோதிங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல அணுகல்தன்மைன்னு ஒரு பகுதி இருக்கும். நிறைய ஆண்ட்ராய்டு போன்ல அதுக்குள்ள 'பவர் பட்டனை அமுக்கினா அழைப்பு முடியும்'னு ஒரு வசதி இருக்கு. அதைப் போட்டுவிட்டு, பெரியவங்க விரலைப் பிடிச்சு அந்தப் பட்டன் மேல வச்சு ரெண்டு தடவை பழக்கிக் குடுங்க. திரை இருட்டா இருந்தாலும் வைக்க முடியும். எங்க அம்மா போன்ல நான் அப்படித்தான் போட்டு வச்சிருக்கேன். இப்போ அவங்களுக்கு அதுதான் சிவப்புப் பொத்தான்.