நடராஜன் ஏறிய படிகள்

ஆவாரம்பட்டையில் பதமான தோல் பாலாற்றங்கரையிலிருந்து கடல் கடந்து போன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு வழிவிட்டது ரயில். 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்றதே நம் வாலாஜா ரோட்டில்தான். தோலுக்கு அத்தனை சீக்கிரம் கிடைத்த சென்னைப் பாதை, பந்து வீசத் தெரிந்த ஒரு பையனுக்கு இன்றும் எளிதாகத் திறப்பதில்லை. தோலுக்குப் பேர்போன ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும்கூடத் தெருப் பையன்கள் கையில் இருப்பது டென்னிஸ் பந்துதான். இங்கே பதமாகும் தோல் ஷூவுக்குப் போகிறது. கிரிக்கெட் பந்துக்கான தோலைப் படிகாரம் போட்டுப் பதப்படுத்துவார்கள். அந்தப் பந்துகள் மீரட்டிலும் ஜலந்தரிலும் தைக்கப்பட்டு வருகின்றன. டென்னிஸ் பந்து 60 கிராமைத் தொடாது, கிரிக்கெட் பந்தோ 160 கிராம் அளவில் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது திறமையால் மட்டும் நடக்கிற காரியம் இல்லை என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது. அதற்குச் சான்று தேடி சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக்குப் போக வேண்டும்.

அந்த ஊரிலிருந்து இந்திய அணிவரை போன வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜனின் கதையைப் பத்திரிகைகள் ஏழ்மையை வென்ற தனிமனிதனின் கதையாகவே சொல்லி வந்திருக்கின்றன. தந்தை தறித் தொழிலாளி, தாய் சாலையோரக் கடை வைத்திருந்தவர். இருபது வயதுவரை டென்னிஸ் பந்துதான். எல்லாம் உண்மை. ஆனால் அவர் ஏறிய படிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் நின்று கைகொடுத்திருப்பது தெரியும். உள்ளூரில் ஜெயப்பிரகாஷ் என்பவர் கண்டெடுத்துச் சென்னைக்குக் கூட்டி வந்தார். அங்கே நான்காம் டிவிஷன் லீக்கில் பிஎஸ்என்எல் அணி, பிறகு விஜய் கிளப், பிறகு முதல் டிவிஷனில் ஜாலி ரோவர்ஸ். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி ஆட்டம். அதோடு கதை முடிந்திருக்க வேண்டியது. அவர் கையை மடக்கி எறிகிறாரோ என்று புகார் எழுந்தது, வீச்சையே அடியிலிருந்து மாற்ற வேண்டியிருந்தது. கையின் கோணத்தைத் திருத்துவது மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை. அத்தனை நாளும் விக்கெட் எடுக்காத ஒருவனை யாராவது வைத்துக் காப்பாற்ற வேண்டும், பயிற்சியாளர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சுனில் சுப்பிரமணியம் போன்ற பயிற்சியாளர்கள் அதைச் செய்தார்கள். என் கணிப்பில் நடராஜனின் வாழ்க்கையில் மிக முக்கியமான காலம் பின்னால் வந்த பிரிஸ்பேன் டெஸ்ட் அல்ல, யாரும் கைதட்டாத இந்தக் காலம்தான்.

அதன் பிறகு நடந்தவை ஊரறிந்தவை. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) திண்டுக்கல் டிராகன்ஸுக்காக ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தும் யார்க்கர். 2017-இல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020 ஐபிஎல்லில் ஹைதராபாத்துக்காக 16 விக்கெட். ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சி பௌலராகப் போனவர், அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியரானார். 2021 ஜனவரி பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட்.

மற்றவர்கள் காயப்பட்டதால் வந்த அதிர்ஷ்டம்தானே இது என்று கேட்கலாம். டெஸ்ட் வாய்ப்பு அப்படி வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் ஆஸ்திரேலியாவில் இருந்தது அதிர்ஷ்டத்தால் அல்ல. இன்னொரு மறுப்பு கனமானது: உண்மையான திறமை எப்படியும் மேலே வந்துவிடும், ஏணி எதற்கு? இதற்கும் சின்னப்பம்பட்டியே பதில் சொல்கிறது. 2019 டிஎன்பிஎல் இறுதியாட்டத்தில் சேப்பாக்கம் அணிக்காக 5 விக்கெட் எடுத்த ஜி.பெரியசாமியும் அதே ஊர்க்காரர், நடராஜனின் வழிகாட்டலில் வளர்ந்தவர். திறமை மட்டுமே போதும் என்றால், ஒரே சிற்றூரில் அடுத்தடுத்து இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள் எப்படி? முதலாமவர் போன பாதை இரண்டாமவருக்குக் கண்ணெதிரே கிடந்தது. அது இல்லாத ஊர்களில் எத்தனை பேர் டென்னிஸ் பந்தோடே நின்றுவிட்டார்களோ, அவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அமெரிக்க பேஸ்பால் இந்த ஏணியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நிறுவனமாக்கியது. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி, சிறு ஊர் அணிகளை வாங்கித் தன் வீரர்களை அங்கேயே வளர்த்தார். 2008-இல் இந்தியாவில் நடந்த பந்தெறியும் போட்டியில் தேர்வான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இப்படித்தான் அடிமட்ட லீக்கில் சேர்த்தது. இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. ஏணி இருந்தும் தோற்றார்களே என்று இதை எனக்கு எதிராகவே காட்டலாம். ஏணி யாரையும் தூக்கிவிடாது; ஆனால் பேஸ்பாலையே அறியாத இருவர் சம்பளத்தோடும் பயிற்சியோடும் முயன்று பார்க்க முடிந்தது. நம் பையன்களுக்கு முயன்று தோற்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை என்பதுதான் என் குறை.

சின்னப்பம்பட்டியைவிட நம் பாலாற்றங்கரை வேலூர் சென்னைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. டிஎன்பிஎல் வந்த பிறகு மாவட்டங்களுக்கும் கதவு திறந்துவிட்டது என்பார்கள். நடராஜனுக்கு அது உண்மையாகவே திறந்தது. ஆனால் அதன் எட்டு அணிகளில் வேலூரின் பெயரோ ஆம்பூரின் பெயரோ இல்லை. சென்னை கிரிக்கெட்டை வளர்த்தது கம்பெனிகள். இந்தியா சிமெண்ட்ஸ், கெம்பிளாஸ்ட், எம்ஆர்எஃப் போன்றவை அணி வைத்தன, வீரர்களுக்கு வேலையும் தந்தன. ஜாலி ரோவர்ஸே அப்படி ஒரு கம்பெனி ஆதரவில் நின்ற கிளப்தான். பாலாற்றங்கரையில் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் போடும் ஷூ கம்பெனி ஒன்று பத்துப் பதினைந்து பையன்களைச் சம்பளத்தில் வைத்து, ஒரு நல்ல பிட்ச்சும் பயிற்சியாளரும் தந்து, சென்னை லீக்கின் கீழ் டிவிஷனில் ஓர் அணியை இறக்குவது அதன் கணக்குப் புத்தகத்தில் பெரிய செலவாக இருக்காது. நடராஜன் தன் பங்குக்கு 2023-இல் சின்னப்பம்பட்டியிலேயே மைதானம் கட்டித் திறந்துவிட்டார்.