56 ஏபிஓ
1971-ல் எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்காரர் வீடுகளைத் தபால்காரர் கேட்காமலே கண்டுபிடிப்பார். மாதாமாதம் மணியார்டர், இடையிடையே நீல இன்லேண்ட் கடிதம். நான் பதில் எழுதும்போது வீட்டுக்காரரின் படை எண், பெயர், பிரிவு, கீழே '56 ஏபிஓ' என்ற ராணுவத் தபால் நிலைய எண் என்று எழுதுவேன். ஊர்ப் பெயர் கிடையாது. படை நகர்வது எதிரிக்குத் தெரியக்கூடாது என்ற ஏற்பாடு, மனைவிக்கும் தெரியாது. பனியில் நிற்கிறாரா, மணலிலா?

டிசம்பர் 3-ல் போர் மூண்டது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த 16 வரை, செய்தி நேரத்தில் மாமியாரும் நானும் ரேடியோ இருந்த வீட்டுத் திண்ணையில் இருப்போம். போர் வரலாறுகளில் எங்களுக்கு ஒரு பத்தியாவது வேண்டும். அந்தக் கார்த்திகையில் நாற்றுக்குத் தண்ணீர் கட்டியது, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்தது, அண்ணனைப் போல் நம்பிய கடைக்காரரிடம் கடன் சொன்னது, எல்லாம் நாங்கள்தான்.