ஹானாவின் கொல்லும் பாசி



வீட்டு வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைத்து, வண்ண மீன்களோடு பவள உயிர்களையும் வளர்ப்போர் இன்று பலர். அவ்வுயிர்களுள் சட்டைப் பொத்தான் அளவே உள்ள, பூப்போல் விரிந்து சுருங்கும் ஒரு கூட்டம் உண்டு. கடைகளில் அதனை மென்பவளங்களோடு சேர்த்து விற்பர். உயிரியலார் சோவாந்திட் என்பர். பார்க்க அழகு, வளர்க்க எளிது. ஆயினும் இவ்வினத்துள் சிலவற்றின் உடலில் உலகின் கொடிய நஞ்சுகளுள் ஒன்று உறைகின்றது. அந்த நஞ்சு உலகுக்குத் தெரிய வந்த வரலாற்றை இன்று காண்போம்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுள் ஒன்று மாவுயி. அதன் ஹானா வட்டாரத்தில் ஒரு பழங்கதை வழங்கி வந்தது. மீன்பிடிக்கச் சென்றவர் திரும்பும்போதெல்லாம் அவர்களுள் ஒருவர் குறைந்தாராம். கரையருகே வாழ்ந்த கூனன் ஒருவன்மீது ஐயம் எழுந்தது. அவன் மேலாடையை உரித்துப் பார்த்தால், முதுகில் சுறாவின் பற்கள் நிறைந்த வாய்! மக்கள் அவனைக் கொன்று எரித்துச் சாம்பலைக் கடலில் எறிந்தனர். சாம்பல் விழுந்த பாறைக் குட்டையின் பாசி அன்றுமுதல் நஞ்சாயிற்றாம். அதனை ‘லிமு மாக்கே ஓ ஹானா’ என்று அழைத்தனர். ஹானாவின் கொல்லும் பாசி என்பது பொருள். ஈட்டி முனையில் அதைப் பூசினால் காயம் உயிரை வாங்கும் என்றும் அறிந்திருந்தனர். அக்குட்டையோ எவரும் தீண்டக்கூடாத இடமாயிற்று.

1961ஆம் ஆண்டு, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பிலிப் ஹெல்ஃப்ரிச்சும் ஜான் ஷுப்பும் இக்குட்டையைத் தேடிக் கண்டுபிடித்தனர். ஊரார் எச்சரித்தும், டிசம்பர் 31 அன்று அங்கிருந்து மாதிரி எடுக்கப்பட்டது. அன்று பிற்பகலே, ஓவாஹு தீவை ஒட்டிய தேங்காய்த் தீவில் இருந்த கடலாய்வுக்கூடத்தின் முதன்மைக் கட்டடம் தீக்கிரையாயிற்று! தற்செயல் என்று நாம் கூறலாம். ஹானா மக்கள் என்ன எண்ணியிருப்பர் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆராய்ந்தபோது, அது பாசியே அன்று, பவளத்துக்கு உறவான ஒரு விலங்கு எனத் தெரிந்தது. பாலிதோவா என்னும் அதன் பேரினப் பெயரை ஒட்டி நஞ்சுக்குப் பாலிடாக்ஸின் என்று பெயர் வந்தது. பால் ஷாயர், ரிச்சர்ட் மூர் ஆகியோர் அதனைப் பிரித்தெடுத்து 1971இல் அறிவித்தனர். 129 கரியணுக்களைக் கொண்ட அம்மூலக்கூற்றின் அமைப்பை 1981இல் மூரின் குழுவும், ஜப்பானில் ஹிராத்தாவின் குழுவும் தனித்தனியே கண்டறிந்தன.

இது எவ்வாறு கொல்கிறது? நம் உயிரணு ஒவ்வொன்றின் சவ்விலும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் ஒரு சிறு எக்கி உள்ளது. பாலிடாக்ஸின் அதனைப் பற்றிக்கொண்டு திறந்த மடையாக்கி விடுகின்றது. உப்புகள் கட்டுப்பாடின்றிப் பாய, தசையும் இதயமும் நிலைகுலைகின்றன.

கடலுயிர் கடையேறி, பல இனிய பெயர்களில் வீடுகளை அடைந்தது. ஆனால் ‘கொல்லும்’ என்ற பழைய அடைமொழி உடன் வரவில்லை. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் 2012 முதல் 2014 வரை, கடைகளிலும் வீடுகளிலும் இவற்றைக் கையாண்டோர் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், வாயில் கசப்பு ஆகியவற்றால் துன்புற்றனர். 2018இல் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் சிற்றூரில் தொட்டியைத் துப்புரவு செய்ய முனைந்த குடும்பத்தாரோடு, உதவிக்குச் சென்ற தீயணைப்பாளர் சிலரும் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது.

எல்லாச் சோவாந்திட்டும் நஞ்சுடையதன்று. ஆனால் எது நஞ்சுடையது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவே எல்லாவற்றையும் நஞ்சென்றே கருதிக் கையாள வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிக. கையில் காயம் இருந்தால் தொடவே வேண்டாம். இடம் மாற்றும்போது இயன்றவரை நீருக்குள்ளேயே வைத்து மாற்றுக. அது ஒட்டியுள்ள கல்லைக் கொதிநீரால் கழுவுவதும், வேகவைப்பதும், தூரிகையால் தேய்ப்பதும் கூடாது; சூட்டால் இந்நஞ்சு எளிதில் அழியாது, ஆவியிலும் தெறிக்கும் துளிகளிலும் ஏறி மூச்சோடு உட்புகும். பயன்படுத்திய கருவிகளை நீர் கலந்த ப்ளீச்சில் ஊறவைக்கலாம். அது நஞ்சைச் சிதைக்கும். உடல்நலம் கெட்டால் உடனே அறையை விட்டு வெளியேறி மருத்துவரிடம் செல்க. பவளத்தைத் தொட்டதை மறவாமல் சொல்க. இதற்கென்று மாற்று மருந்து இல்லை.

சுறா வாய்க் கூனன் கற்பனையாகலாம். அக்கற்பனைக்குள் ஹானா மக்கள் பொதிந்து வைத்த எச்சரிக்கை உண்மையே. அதனைக் காதில் வாங்கிக்கொண்டு அழகை வளர்ப்போம்.